வட்டம் போடாத படம்

மாப்பிள்ளையின் வேட்டிக்கு நீலம் போடும் வேலையை வெங்கடம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மகள் வீட்டில் மெஷின் இருக்கிறது. அது பாட்டுக்குத் துவைத்துப் பிழிந்து கொடுத்துவிடும். ஆனாலும் வேட்டி என்று வந்துவிட்டால், பின்பக்கத்துக் குழாயடியில் முக்காலியைப் போட்டு, வலிக்கிற முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிடுவாள். பக்கெட்டுத் தண்ணீரில் நாலு சொட்டு நீலம், கையால் ஒரு கலக்கு. வேட்டியை முக்கி எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பாள். அப்புறம் இன்னும் ரெண்டு சொட்டு.

"போதும்மா, அவரு என்ன எலெக்ஷன்லயா நிக்கப் போறாரு?" என்று உள்ளே இருந்து பிரவீனா குரல் கொடுத்தாள்.

"உங்கப்பனுக்கு ஆறு சொட்டு போடுவேன். பாக்யா கல்யாணத்துல அவரு வந்து நின்னப்ப மணவறையே பளீர்னு இருந்துச்சு. நீலம் ஏறாத வெள்ளை ஒரு வெள்ளையா?"

உள்ளே பிரவீனாவின் கண்ணெதிரே அந்தக் கல்யாணம்தான் தலைகீழ் நிறத்தில் கிடந்தது. அக்கா பாக்யாவின் கல்யாண நெகட்டிவ்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தை மாதம், தளிப் பக்கத்து ஊரில், பனி விலகாத காலையில் நடந்த கல்யாணம். ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஸ்டுடியோக்காரர் கடையைக் காலி பண்ணும்போது கொடுத்துவிட்டுப் போன நெகட்டிவ்கள் மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் தப்பித்திருந்தன. அக்கா மகன் ஹரீஷ்குமார் அதைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்து, "சித்தி, வர்ற ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவோட இருபத்தஞ்சாவது வெட்டிங் டே. அதுக்குள்ள எல்லாம் வேணும். பிரிண்ட் போடாத படம்கூட இதுல இருக்குதாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பிரவீனாவின் வீடு. வீட்டுக்காரர் திருமலைக்கு சிப்காட்டில் டூல் ரூம் வேலை, மூன்று ஷிப்ட். மகன் ஹாஸ்டலில். அவளும் ஒரு கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் ஆறு வருஷம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எண்கள் தட்டியவள்தான். பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டாள். கொரோனாவில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது, மாமனாரின் பழைய படங்களைக் காப்பாற்றலாம் என்று ஒரு பழைய ஸ்கேனர் வாங்கிப் பழகினாள். பழகியது தொழிலாகிவிட்டது. அபார்ட்மெண்ட்காரர்கள் கூரியரில் நெகட்டிவ் அனுப்பினார்கள். "கலர் அப்படியே வருதுங்க" என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார்கள்.

அந்த 'அப்படியே' சும்மா வருவதில்லை. கலர் நெகட்டிவ் முழுவதும் ஆரஞ்சு பூசினாற்போல் இருக்கும். வெறுமனே நிறத்தைத் திருப்பிப் போட்டால் படம் நீலம் பாய்ந்து நிற்கும். இரண்டு படங்களுக்கு நடுவே எதுவும் விழாத மெல்லிய வெற்றுப் பட்டை ஒன்று உண்டு. முதலில் அதன் நிறத்தை அளந்து, படத்திலிருந்து கழிக்க வேண்டும். ஒரு சுருளுக்கு ஒரே அளவு. படத்துக்குப் படம் மாற்றக் கூடாது. கடைசியில், நிஜமான நிறம் தெரிந்த ஏதாவது ஒரு பொருளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தாள் பிரவீனா. அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழியும் தெரிந்து வைத்திருந்தாள். படத்தில் வெள்ளையாக இருக்கிற ஒன்றைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால் போதும், மற்ற நிறங்களை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும். ஊரார் படங்களுக்கு அப்படிச் செய்ய மாட்டாள். இது நம் வீட்டுப் படம்தானே என்று செய்தாள்.

இருபத்திரண்டாம் படம். எடுக்கிற நொடியில் கல்யாண மாப்பிள்ளை கண்ணைச் சிமிட்டிவிட்டார். அதனால்தான் அன்று பிரிண்ட் போடவில்லை. நடுவில் பாக்யா. பக்கத்தில் அப்பா கோவிந்தப்பன், தும்பைப் பூ வேட்டியில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. செத்து எட்டு வருஷமாகிறது மனிதர். பிரவீனா அந்த வேட்டியின் மேல் குறியை வைத்து அழுத்தினாள்.

படம் மொத்தமும் பொன்னாக மாறியது. எல்லார் முகத்திலும் மஞ்சள் பூசிக் குளித்த களை. கல்யாணப் படம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் வலது ஓரத்தைப் பார்த்தாள். பதினைந்து வயசுப் பிரவீனா பாவாடை தாவணியில் நிற்கிறாள். அவளை ஒட்டி, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு, பாதி உடம்பு மட்டும் படத்துக்குள் விழுந்தபடி செல்லி.

செல்லியின் புடவை பச்சையாக இருந்தது.

பிரவீனாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி லேசாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். 'பச்சைதான். அப்போ நான் பொய் சொல்லல.'

செல்லி அவர்கள் நிலத்தில் வேலை செய்தவள். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் டிரங்குப் பெட்டிகளை ஒழித்தபோது, வெங்கடம்மாளின் கிளிப்பச்சைப் பட்டுப்புடவையைக் காணோம். கல்யாணத்தன்று செல்லி புதுப் புடவை கட்டியிருந்தாளே என்று யாரோ ஆரம்பித்தார்கள். செல்லியை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். அவள் பத்து வயசு மகள் நஞ்சம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் ஒரு நீலப் புடவையை எடுத்துவந்து விரித்துக் காட்டினாள். "இதுதாம்மா கட்டிக்கினு வந்தேன்" என்றாள். "இது இல்லடி, மாத்தி எடுத்தாந்து காட்டறியா?" என்றாள் வெங்கடம்மாள். கோவிந்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "சின்னவளைக் கேளு. அவதான கூடவே பூக் கட்டிக்கினு இருந்தா" என்றார். எல்லாத் தலையும் பிரவீனா பக்கம் திரும்பியது.

"பச்சைதானே கட்டிக்கினு இருந்தா? சொல்லுடி" என்றாள் அம்மா.

"பச்சை மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் பிரவீனா.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதை வைத்தே செல்லிதான் எடுத்தாள் என்று கோவிந்தப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் செல்லி மகளோடு ஓசூருக்குப் போய்விட்டாள். காணாமல் போன புடவை அப்புறமும் கிடைக்கவில்லை. அந்த 'மாதிரி' என்கிற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பிரவீனா இருபத்தைந்து வருஷத்தை ஓட்டியிருந்தாள். பச்சை என்று நான் சொல்லவில்லை, பச்சை மாதிரி என்றுதான் சொன்னேன். இப்போது அந்த வார்த்தையின் தயவும் வேண்டாம். படமே சொல்கிறது.

வெற்றுப் பட்டையை அளக்கலாமா என்று ஒருமுறை கை போனது. நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று விட்டுவிட்டாள். மொத்தப் படத்தையும் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள்.

போட்டதும் பாராட்டு குவிந்தது. வெங்கடம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்துக் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். இருபத்திரண்டாம் படம் வந்ததும் விரலை வைத்து ஓரத்தைப் பெரிசாக்கினாள்.

"நோடு, நல்லாப் பாரு! நான் சொன்னா யாரு நம்புனீங்க? எம்பொடவையைக் கட்டிக்கினு எங்கூட்டு மணவறையிலயே நிக்கிறா பாரு."

அவள் அதைக் குரலாகப் பேசியே குரூப்பில் அனுப்பிவிட்டாள். ஹரீஷ்குமாருக்கு இந்தப் புடவைக் கதை சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகிய வேடிக்கைக் கதை. பத்தே நிமிஷத்தில் செல்லியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'பாட்டி புடவை கேஸ், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு சாட்சி சிக்கிடுச்சு' என்று எழுதிப் போட்டான். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசையாக வந்தன. அதோடு விடாமல் அவன் அதை ஸ்டேட்டஸிலும் வைத்தான். பிரவீனாவும் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டாள்.

விழா நன்றாக நடந்தது. திருமலை வேட்டி பளீரென்று இருந்தது.

அதற்கு அடுத்த புதன்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு பெண் நின்றாள். கம்பெனி ஓவர்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள்.

"பிரவீனாக்கா தானே? நெகட்டிவ்ல இருந்து போட்டோ எடுத்துக் குடுக்கறது நீங்கதானே?"

"ஆமாங்க. வாங்க."

"நான் நஞ்சம்மா, அக்கா. செல்லி மக."

பிரவீனாவுக்கு வாயில் வந்த 'வாங்க' பாதியில் நின்றது. ஊரில் செல்லியைக்கூட 'நீ வா' என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறாள், தன்னை விட இருபத்தைந்து வயசு பெரியவளை. இப்போது எப்படிச் சொல்வது? "உள்ள வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளறையிலிருந்து எட்டிப்பார்த்த வெங்கடம்மாள், நாற்காலியையும் அதில் உட்கார்ந்தவளையும் பார்த்துவிட்டு, டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள் பிரவீனா. கேட்ட பிறகுதான், யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது.

"போயிட்டாங்கக்கா. ரெண்டு வருஷமாச்சு. கிரானைட்டு பட்டறையில கல்லு தேச்சு தேச்சு நெஞ்செல்லாம் தூசி." நஞ்சம்மா அதைப் பஸ் வராத சேதி மாதிரிச் சொன்னாள். பிறகு போனை எடுத்து நீட்டினாள். "இது எங்க ஊர்ப் பசங்க அனுப்பிச்சாங்க."

சிவப்பு வட்டம்.

பிரவீனாவின் காது சுட்டது. "ஐயோ, அது பசங்க ஏதோ வெளையாட்டுக்கு..."

"இருக்கட்டும்கா. நான் அதுக்கு வரல. எங்கம்மா போட்டோ எங்ககிட்ட ஒண்ணுகூட இல்ல. ரேஷன் கார்டுல இருக்கறது வெறும் கறுப்பா இருக்குது. ஆதார்ல இருக்கறதைப் பாத்தா எங்கம்மாவே இது யாருடின்னு கேக்கும். எம்பொண்ணு காவியா ஆயா மூஞ்சியையே மறந்துடுவாளாட்டம் இருக்குது." சேலை முந்தானையைச் சரிசெய்வது போல ஓவர்கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வட்டம் போட்டது வேணாம்கா. வட்டம் போடாதது இருந்தா பெரிசு பண்ணிக் குடுங்க. என்ன ஆவுதோ குடுத்துடறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஞாயித்துக்கிழமை வாங்க."

நஞ்சம்மா போனதும் வெங்கடம்மாள் வந்து, "எதுக்கு வந்தா?" என்றாள்.

"அவங்கம்மா போட்டோ வேணுமாம்."

"இருந்த பவுசுக்குப் போட்டோ வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே பிரவீனா ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்தாள். இந்த முறை செல்லியின் முகத்தை மட்டும் பெரிசாக்கினாள். நாற்பது வயசு இருக்கும் அப்போது. முன்பல் கொஞ்சம் தூக்கல். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து உதட்டை இழுத்து அதை மூடப் பார்த்திருக்கிறாள். கொண்டையில் ஒரு முழம் பூ.

பூ மஞ்சளாக இருந்தது.

தளியில் செவ்வந்திக்கா பஞ்சம் என்று முதலில் விட்டாள். மறுபடி உற்றுப் பார்த்தாள். அது செவ்வந்தி இல்லை, மல்லிகை. ஒவ்வொரு மொக்கும் தெரிகிறது. அந்தப் பூவை அன்று விடிகாலையில் அவளும் செல்லியும் சேர்ந்தே கட்டினார்கள். மல்லிகை மஞ்சளாக இருக்காது. பக்கத்தில் தன்னையே பார்த்தாள். தாவணி காவி மாதிரி ஒரு நிறத்தில் இருந்தது. அவளுக்குக் காவி நிறத்தில் தாவணியே கிடையாது. படத்தில் வெள்ளையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், அப்பாவின் வேட்டி.

ஆறு சொட்டு.

அந்த வேட்டி வெள்ளையே இல்லை. நீலம் ஏறிய துணி. கண்ணுக்கு அது பளீர் வெள்ளையாகத் தெரியும். பிலிமுக்கு அது நீலம். அந்த நீலத்தைப் பார்த்து 'இதுதான் வெள்ளை' என்று அவள் சொல்லியிருக்கிறாள். கம்ப்யூட்டரும் சொன்ன பேச்சைக் கேட்டு, படம் முழுவதிலிருந்தும் நீலத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சளைக் கொட்டியிருக்கிறது. அதுதான் அந்தப் பொன் களை.

பிரவீனா படத்தை மூடிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றுப் பட்டையை அளந்தாள். அதைக் கழித்தாள். அந்தச் சுருளின் முப்பத்தாறு படத்துக்கும் ஒரே அளவைப் பூட்டினாள். வேட்டியைத் தொடவில்லை. பிறகு எழுந்து போய் பீரோவின் அடித்தட்டைக் கிளறி, இத்தனை வருஷம் என்னத்துக்கு என்று தெரியாமலேயே வைத்திருந்த அந்தக் கத்தரிப்பூத் தாவணியைத் தேடி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். திரையில் இருந்த தாவணியும் கையில் இருந்த தாவணியும் ஒரே நிறம். மடிப்பில் வெளுத்த இடம் மட்டும்தான் வித்தியாசம். பூ வெள்ளையாகிவிட்டது. முகங்களில் இருந்த களை போய், குளிரில் நிற்கிற சாதாரண முகங்களாகிவிட்டன. அப்பாவின் வேட்டி லேசான நீலத்தில் இருந்தது.

செல்லியின் புடவை வானத்து நீலம்.

அதற்கப்புறம் ஞாபகம் வர எந்தத் தடையும் இல்லை. அதுவரை ஞாபகம் வராமல் இருந்ததும் இல்லை, வர விடவில்லை. விடிகாலை நாலரை மணி, பந்தல் குழல் விளக்கின் கீழே பூக்கூடை. செல்லி முந்தானையை விரித்துக் காட்டி, "எப்படிப் பாப்பா இருக்குது? எந்தம்பி பெங்களூர்ல இருந்து வாங்கியாந்தான்" என்று கேட்டாள். "மானத்துக் கலரு செல்லி, உனக்கு எடுப்பா இருக்குது" என்று பிரவீனா சொன்னாள். செல்லி பல்லை மூடாமல் சிரித்தாள். மூன்று நாளில் அவள் வாசலில் விரித்துக் காட்டியதும் அதே புடவைதான். பிரவீனா அதைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்ட பிறகுதான் அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்த பிறகுதான் 'மாதிரி' என்று சொன்னாள்.

சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். வெட்கமாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பிள்ளைக்காக இல்லை. பதினைந்து வயசு, பயந்துவிட்டாள் என்று அவளுக்கு ஏதாவது சமாதானம் சொல்லலாம். போன வாரம் நாற்காலியில் சாய்ந்து 'நான் பொய் சொல்லல' என்று நிம்மதியாக மூச்சு விட்டவளுக்கு என்ன சொல்வது? நாற்பது வயசுக்காரி. பட்டையை அளக்கப் போன கையை இழுத்துக்கொண்டவள். அந்தச் சிரிக்கிற முகத்தைப் போட்டவள்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெங்கடம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தாவணியை வாங்கித் திரைமேல் வைத்துப் பார்த்தாள். விரலால் தடவிக்கூடப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல எதை வேணா எந்தக் கலரா வேணா மாத்தலாம்னு நீதானடி சொன்ன?"

"போன வாரம் போட்டதுதான் மாத்துனது. இது மாத்தாதது. தாவணியைத்தான் பாக்கறியே."

வெங்கடம்மாள் கொஞ்ச நேரம் தாவணியை மடித்தாள். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

"அப்ப எம்பொடவை எங்க போச்சு?"

"எனக்கென்னம்மா தெரியும்? கல்யாண வீடு, எத்தனை ஜனம். ஆனா செல்லி எடுக்கல."

"சரி, எடுக்கல." குரல் ஒரு கணம் தாழ்ந்து மறுபடி ஏறிக்கொண்டது. "அதுக்காக இத குரூப்ல போட்டுக்கினு இருக்காத. பாக்யா மாமியார் ஊட்டு ஜனமெல்லாம் அதுல இருக்குது. உங்கப்பன் நாக்காலி போட்டு உக்காந்து தீர்ப்பு சொன்ன விஷயம். செத்த மனுசனைப் போய் அசிங்கப்படுத்துவியா?"

"செல்லியும் செத்துதாம்மா போனா."

"போயிட்டா இல்ல? அப்புறம் என்னா?" என்றாள் வெங்கடம்மாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ரெண்டாவது சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

பிரவீனா இரண்டு நாள் யோசித்தாள். எழுதி எழுதி அழித்தாள். 'செல்லி திருடவில்லை' என்று ஒரு முறை. 'அன்றைக்கு நான் தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று ஒரு முறை. நாத்தனார், மச்சாண்டார், மத்தூர் மாமா என்று குரூப்பில் இருக்கிற நாற்பத்திரண்டு பேரின் முகமும் வரிசையாக வந்து நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் படத்தைப் போட்டு, கீழே இப்படி எழுதினாள்: 'முன்னாடி போட்ட படத்தில் கலர் தவறாக வந்துவிட்டது. இதுதான் சரியான கலர்.'

'சூப்பர் சித்தி' என்ற ஹரீஷ்குமார், அவள் எழுதியதோடு சேர்த்து இதையும் ஸ்டேட்டஸில் வைத்தான். 'பழசுதான் நல்லா இருந்துச்சு, மங்களகரமா' என்றாள் பாக்யா. புடவையை யாரும் பார்க்கவில்லை. வட்டம் போட்ட படமும் மேலே அப்படியேதான் இருந்தது. பாதி சுமையை இறக்கிவைத்துவிட்டோம் என்று பிரவீனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பார்த்தாள். அது நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நஞ்சம்மா வந்தாள். இன்று ஓவர்கோட்டு இல்லை, இஸ்திரி போட்ட சேலை. பிரவீனா முன்னறையில் உட்காரவைத்து, காபியை ஆற்றிக் கொடுத்தாள். உள்ளறையில் இன்று டிவி சத்தமில்லை. வெங்கடம்மாள் அங்கேதான் இருக்கிறாள் என்பது கட்டில் முனகியதில் தெரிந்தது.

படத்தைக் கெட்டித் தாளில் பெரிசாகப் போட்டு வைத்திருந்தாள். செல்லி மட்டும். தாம்பாளம், வெள்ளை மல்லிகை, நீலப் புடவை. முகத்தை வெளுப்பாக்கவில்லை, பல்லைத் திருத்தவில்லை.

நஞ்சம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். காபியில் ஆடை படர்ந்தது.

"எங்கம்மா இவ்ளோ ஒல்லியாவா இருந்துச்சு?" என்றாள். பிறகு விரல் நுனியால் புடவையைத் தொடாமல் தொட்டாள். "இந்தப் பொடவையை அதுக்கப்புறம் அது கட்டவே இல்லக்கா. எங்க மாமன் கேட்டுக்கினே இருக்கும், ஏங்கா நான் வாங்கியாந்தது புடிக்கலியான்னு. கடைசில எனக்குத் தாவணியாக் கிழிச்சுக் குடுத்துச்சு."

பிரவீனா ஏதாவது பேசியாக வேண்டும். தெரிந்ததைப் பேசினாள். "போன தடவை கலர் தப்பாயிடுச்சு நஞ்சம்மா. அப்பா வேட்டில நீலம் போட்டிருந்துச்சு. நான் அதை வெள்ளைன்னு எடுத்துக்கினு அளவு வெச்சுட்டேன். அதனால படம் பூரா மஞ்சளாயிடுச்சு. நீலம் பச்சையாத் தெரிஞ்சுது. வெற்றுப் பட்டையை அளந்திருந்தா அப்படி ஆயிருக்காது. இப்பதான்..."

நஞ்சம்மா நடுவில் பேசாமல் முழுக்கக் கேட்டாள். கம்பெனியில் லைன் லீடர் தவறுக்குக் காரணம் சொல்லும்போது கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப தப்பு வேட்டி மேலயா?" என்றாள்.

"இல்ல, அப்படி இல்ல... நான் குரூப்லயும் போட்டுட்டேன், கலர் தப்புன்னு."

"பாத்தேன்கா. அதையும் அனுப்பிச்சாங்க. கலரு தப்புன்னு இருந்துச்சு. யாரு தப்புன்னு இல்லியே."

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கி நான் சின்னப் பொண்ணு" என்று முணுமுணுத்தாள்.

"நான் உங்களைவிடச் சின்னப் பொண்ணு. எங்கம்மா கையைப் புடிச்சிக்கினு அந்த வாசல்லதான் நின்னுக்கினு இருந்தேன்." நஞ்சம்மாவின் குரலில் கோபம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஊட்டுக்கு வந்து எங்கம்மா அழுவல. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு. 'அந்தப் புள்ள அறியாம சொல்லிடுச்சுடி. இருட்டுல பாத்துச்சு, கலரு தெரிஞ்சிருக்காது'ன்னு. உங்க அம்மாவைத் திட்டியிருக்குது, உங்கப்பாவை வஞ்சிருக்குது. உங்களை மட்டும் சாவற வரைக்கும் ஒரு வார்த்தை வையல."

உள்ளே கட்டில் மறுபடி முனகியது.

"நீங்க மெஷின்ல எப்படி அளக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சும் ஆவப்போறது ஒண்ணும் இல்ல. நீங்க அன்னைக்கிக் கண்ணால பாத்தீங்க. பக்கத்துல உக்காந்து பூக் கட்டுனீங்க." நஞ்சம்மா படத்திலிருந்து கண்ணை எடுத்து பிரவீனாவைப் பார்த்தாள். "எங்கம்மா சொன்னது நெசமா? உங்களுக்கு அன்னைக்கிக் கலரு தெரியலியா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். தெரியும். அல்லது, தெரியாது. 'தெரியாது' என்று சொன்னால் செல்லி சாகிற வரை நம்பியது அப்படியே இருக்கும், நஞ்சம்மாவும் அதைச் சுமந்துகொண்டு போய்விடுவாள். நாக்கு அந்தப் பக்கம் ஒருமுறை புரண்டது. மேஜை மேல் அந்தக் கத்தரிப்பூத் தாவணி மடித்தபடி இருந்தது. பிரவீனா அதன் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்தாள். நூல் நீளமாக வந்துகொண்டே இருந்தது.

நஞ்சம்மா காத்திருந்தாள். தெருவில் கீரைக்காரன் கன்னடத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் கூவிக்கொண்டு, சந்தின் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். அதுவரைக்கும் காத்திருந்தாள்.

பிறகு படத்தைத் தாள் உறைக்குள் போட்டு, மடங்காமல் பைக்குள் நிறுத்தி வைத்தாள். எழுந்து, குடிக்காத காபி டம்ளரை மேஜையின் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தாள். நாற்காலியை இருந்த இடத்தில் போட்டாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.